முதல் ஆண்டு ரசீதில் இருந்த மூன்று சொற்கள்

என் மூத்த மகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாடம் நடத்துவதிலோ பஸ் வசதியிலோ எனக்குக் குறையில்லை. கட்டணச் சலுகை என்று அவர்கள் கொடுத்ததைப் பற்றி எழுதத்தான் வந்தேன்.

2023 மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த நான்காம் நாள், அந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பர்கூரில் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஆண்டுக் கட்டணம் 80 ஆயிரம், உங்கள் மகள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பாதி கட்டினால் போதும், நான்கு ஆண்டும் இதேதான் என்றார்கள். அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் சலுகை போய்விடும் என்றும் சொன்னார்கள். நான் ஜவுளிக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். என் கணவர் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். இரண்டு பேர் வீட்டிலும் பட்டம் வாங்கியவர் கிடையாது. என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாமல் 40 ஆயிரத்தைக் கட்டினோம்.

இரண்டாம் ஆண்டு சலானில் முழுதாக 80 ஆயிரம் இருந்தது. முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஒரு அரியர், அதனால் சலுகை இல்லை என்றார்கள். அடுத்த செமஸ்டரிலேயே அவள் அதை எழுதித் தேறிவிட்டாள் என்று சொல்லியும் பயனில்லை. பழைய ரசீதை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பி என்னிடமே காட்டினார் அலுவலர். 'முதலாமாண்டு சேர்க்கைச் சலுகை' என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. அந்த மூன்று சொற்களை நான் ஓராண்டாகப் படிக்காமலே பீரோவில் வைத்திருந்தேன். மூன்று முறை போய் நின்ற பிறகு 10 ஆயிரம் குறைத்தார்கள். அது ஜூலை மாதம். கூழ் ஆலைக்குப் போட்ட பெங்களூரா மாங்காய்க்கு இன்னும் பணம் வரவில்லை. என் தோடும் சங்கிலியும் கூட்டுறவு வங்கிக்குப் போயின.

இதைவிடப் பெரிய இழப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையை அவள் கேட்கவே முடியாது. அது கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். என் அண்ணன் மகளுக்கு ஆண்டுதோறும் 25 ஆயிரம் கழிகிறது. என் மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டியிருக்கும். அவசரப்படுத்தி இந்த வாய்ப்புகளைப் பறித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. அரியர் வந்தபோதும் அது நிற்கவில்லை. அவள் தோழி ஒன்றிய அரசின் உதவித்தொகையாக ஆண்டுக்கு 12 ஆயிரம் வாங்குகிறாள். 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். கறாரான விதிதான், ஆனாலும் சேரும்போதே தெரிந்த விதி. எங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

போன மே மாதம் பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளைச் சேர்க்க வேறொரு கல்லூரிக்குப் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்தார். அங்கும் பாதிக் கட்டணம் என்றார்கள். நான்கு ஆண்டுக்கும் எவ்வளவு, எந்தக் காரணத்துக்கு நிறுத்துவீர்கள், இரண்டையும் கல்லூரி முத்திரையோடு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "முதலில் சேருங்கள் அம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அங்கிருந்தவர். அக்கா சான்றிதழ்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இ-சேவை மையத்தில் இறங்கி, அந்தப் பெண்ணைக் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தோம்.