ட்ரூத் டேபிளா, ஸ்டெப் ஸ்டெப்பா ப்ரூஃபா?

ஒரு ஆர்க்யுமென்ட் வேலிடான்னு (அதாவது முன்கூற்று எல்லாம் உண்மையா இருந்தா முடிவும் உண்மையாகியே தீருமான்னு) செக் பண்ண எது நல்லதுன்னு லாஜிக் படிக்கிற பசங்க குழம்புறாங்க. ட்ரூத் டேபிள்னா கூற்றுகள் உண்மை, பொய்யா வர்ற எல்லா சேர்க்கையையும் வரிசை வரிசையா போட்டு பாக்குறது. ப்ரூஃப்னா முன்கூற்றுல இருந்து லாஜிக் ரூல் வெச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா முடிவுக்கு போறது.

வேலை:
டேபிள் – யோசிக்கவே வேணாம், ஆனா 3 கூற்றுக்கு 8 வரிசை, 5க்கு 32, 10னா 1024, கையால போட முடியாது.
ப்ரூஃப் – நாலஞ்சு வரில முடியலாம், எந்த ரூல் எங்கன்னு தோணணும்.

தப்பை பிடிக்க:
டேபிள்தான். "மழை பெஞ்சா ரோடு நனையும், ரோடு நனைஞ்சிருக்கு, அதனால மழை பெஞ்சிருக்கு" இதுல மழை பொய், நனைஞ்சது உண்மைங்கிற வரிசைய பாருங்க, முன்கூற்று ரெண்டும் உண்மையாகி முடிவு மட்டும் பொய்யாகுது, இன்வேலிட்னு சொல்ல அந்த ஒரு வரிசையே போதும்.
ப்ரூஃப் வரலைன்னா ஆர்க்யுமென்ட்தான் தப்பா, இல்ல நமக்குத்தான் தோணலையான்னு தெரியாது.

"எல்லா", "ஏதோ ஒரு"ன்னு வந்தா:
டேபிள் உதவாது, ப்ரூஃப்தான்.

சின்ன கணக்கு, இல்ல தப்புன்னு சந்தேகம்னா டேபிள் போடுங்க. தேற்றம் நிரூபிக்கணும்னா ப்ரூஃப கண்டிப்பா பழகிக்கோங்க.