டெவன் பார்க், லவ்ஸ் ஃபீல்ட், பேஸ்பால் மைதானம்: கல்லூரி சாஃப்ட்பாலின் பெரிய போட்டிக்கு எது பொருத்தம்?

மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை, பேஸ்பாலைப் போன்றே சிறிய மைதானத்தில் ஆடப்படும் சாஃப்ட்பாலில் அமெரிக்காவின் எட்டு சிறந்த கல்லூரி மகளிர் அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் கூடுகின்றன. மகளிர் கல்லூரி உலகத் தொடர் என்ற இந்தப் போட்டி 1990-இல் இருந்தே இந்த ஊரில்தான் நடக்கிறது. 1996-இல் மட்டும் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகருக்குப் போய்த் திரும்பியது. போட்டி நடக்கும், நெடுங்காலம் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியம் என்று அறியப்பட்ட மைதானத்துக்கு இப்போது டெவன் பார்க் என்று பெயர். ஒரே ஊருக்கு ஏன் இத்தனை சலுகை, பெரிய பேஸ்பால் மைதானத்துக்கு மாற்றலாமே, கல்லூரி வளாகங்களிலேயே சுழற்சியாக நடத்தலாமே என்ற பேச்சு ரசிகர்களிடையே அடிக்கடி எழும்.

முதலில் பேஸ்பால் மைதானம். ஆண்கள் கல்லூரி பேஸ்பால் இறுதிச்சுற்று நடக்கும், நெப்ராஸ்கா மாநில ஒமாஹா நகரின் சார்ல்ஸ் ஷ்வாப் ஃபீல்டில் ஏறத்தாழ 24,000 பேர் உட்காரலாம். டெவன் பார்க்கில் சுமார் 13,000 இருக்கைகள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஒமாஹாவுக்குத்தான் ஓட்டு விழும். நான் போட மாட்டேன். காரணம் ஆட்டத்தின் அளவு. சாஃப்ட்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசும் தூரம் 43 அடிதான். கிரிக்கெட் பிட்ச்சின் 66 அடியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ஓட்டம் எடுக்கத் தொட்டு ஓட வேண்டிய முனைகளான பேஸ்களுக்கு இடையே 60 அடி. டெவன் பார்க்கின் நடு வேலி பேட்டரிடமிருந்து 220 அடியில் நிற்கிறது. பேஸ்பால் மைதானங்களில் அது 400 அடி வரை போகும். அங்கே சாஃப்ட்பால் ஆடினால் தற்காலிக வேலி போட வேண்டும். வேலிக்குப் பின்னே பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்கும், பார்வையாளர்களும் எட்டத்தில் போய்விடுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் யோகோஹாமா பேஸ்பால் மைதானத்தில் நடந்த சாஃப்ட்பால் இறுதியைப் பார்த்தவர்களுக்கு அந்த வெற்றிடம் நினைவிருக்கும். அந்த மகளிருக்கு வேறொருவரின் மைதானத்தை இரவல் கொடுத்த மாதிரி இருந்தது. டெவன் பார்க் சாஃப்ட்பாலுக்கென்றே கட்டப்பட்டது. அங்கே பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் ஓசை மேல்தளம் வரை கேட்கும்.

கல்லூரி வளாக மைதானங்களின் கதை வேறு. நார்மனில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2024 மார்ச் 1 அன்று திறந்த லவ்ஸ் ஃபீல்ட் 4,200 இருக்கைகள் கொண்டது. டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ரோட்ஸ் ஸ்டேடியத்தில் 4,000-க்குச் சற்றுக் குறைவு. அந்தச் சிறிய இடத்தில் எழும் சத்தமே தனி. உலகத் தொடருக்கு முந்தைய சூப்பர் ரீஜனல் சுற்று இப்படிப்பட்ட வளாகங்களில்தான் நடக்கிறது. மூன்றில் இரண்டு வென்றவர் முன்னேறுவார். முதல்முறை நேரில் பார்க்கப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் பிட்சரின் கை பந்தைச் சுழற்றி விடுவது தெளிவாகத் தெரியும். சொந்த மைதானம் என்பது வெற்றிக்கு உத்தரவாதமும் அல்ல. லவ்ஸ் ஃபீல்ட் திறந்த அதே வாரக் கடைசியில், தொடர்ந்து 71 ஆட்டங்கள் வென்றிருந்த ஓக்லஹோமாவை லூசியானா அணி அங்கேயே தோற்கடித்தது.

ஆனால் இறுதிச்சுற்றை வளாகத்தில் வைத்தால் பாதி ரசிகர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். டெவன் பார்க்கில் ஒரே அமர்வுக்கு 12,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இடம் கிடைத்தது 2020-இல் மேல்தளம் கட்டி முடித்த பிறகுதான்.

டெவன் பார்க் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது எந்த அணிக்கும் சாராத பொது மைதானமே இல்லை என்பது. நார்மன் அங்கிருந்து காரில் போகும் தூரம்தான். ஓக்லஹோமா ஆடும் நாளில் அரங்கம் முழுக்க அந்த அணியின் நிறமான சிவப்பாகிவிடும். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை அந்த அணி அங்கே வென்றதால் குற்றச்சாட்டு வலுத்தது. வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அது நிற்காது. 1990-களில் பட்டங்களை அள்ளியவை யுசிஎல்ஏவும் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அரிஸோனாவும். ஓக்லஹோமாவுக்கு முதல் பட்டம் 2000-இல்தான் வந்தது. 2012-இல் அதே சிவப்புக் கூட்டத்தின் முன் அலபாமா ஓக்லஹோமாவை இறுதியில் வென்றது, 2019-இல் யுசிஎல்ஏ. 2025 அரையிறுதியில் டெக்ஸஸ் டெக் 3-2 என்று வென்று அந்த நான்காண்டு ஆட்சியை முடித்தது. இதை ஊரின் பலன் என்பதை விட, பாட்டி காஸோ என்ற பயிற்சியாளர் கட்டிய அணியின் பலன் என்பேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 2021-இல் ஓக்லஹோமா ஸ்டேட் (இது வேறொரு பல்கலைக்கழகம்), ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டம் அதிகாலை 2 மணிக்குப் பிறகுதான் முடிந்தது. மழையால் தாமதம், அதற்கேற்ற ஓய்வு நாள் அட்டவணையில் இல்லை. ஆண்கள் போட்டியை அப்படி நெருக்கி வைத்திருப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. அடுத்த ஆண்டு அட்டவணை நீட்டப்பட்டது. மைதானத்தை மாற்றியிருந்தாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது, ஏனென்றால் மேலே பேசிய எதற்குமே கூரை கிடையாது.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பாலும் டெவன் பார்க்கில்தான் நடக்கப் போகிறது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். பேஸ்பால் மைதானங்கள் நிறைந்த கலிஃபோர்னியாவை விட்டு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு முன் போக முடிந்தவர்கள் ஜூனில் போய்விடுங்கள். வேலிக்குப் பின்னே இருப்பதை விட, முதல் பேஸ் பக்கக் கீழ்வரிசைக்குக் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும்.