உத்யம் பதிவும் சமாதான் தளமும்: நிலுவைப் பணம் கேட்பவருக்கு எவ்வளவு உதவும்?

திருப்பூரில் தையல் எந்திரத்தில் உட்காருபவருக்குச் சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வந்துவிடும். செக்கிங், அயர்ன், பேக்கிங் செய்பவர்களுக்கும் அப்படித்தான். அதே பனியனில் அச்சாகும் படத்தை வரைந்து கொடுப்பவருக்கு மட்டும் கிழமை என்று ஒன்று கிடையாது. "அம்மிணி, ஷிப்மென்ட் போகட்டும், கொடுத்துவிடலாம்" என்பார்கள். ஷிப்மென்ட் போன பிறகு, "பையரிடமிருந்து பணம் வரட்டும்" என்பார்கள். குழந்தைகள் உடைக்கான பிரிண்ட் ஆர்ட்வொர்க், ஹேங்டேக் (உடையில் தொங்கும் அட்டை) வடிவமைப்பு ஆகியவற்றை அனுப்பர்பாளையத்தில் வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதால், பணம் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று வாய் மூடியிருக்கும் ஃப்ரீலான்சர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உத்யம் என்பது நுண், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு 2020 ஜூலை 1 முதல் நடத்தும் பதிவு. தனியாளாக வேலை செய்பவரும் சேவைத் தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். ஆதார், பான் போதும்; சான்றிதழ்களை ஏற்றத் தேவையில்லை. அரசுத் தளத்தில் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. தேடும்போது முதலில் வந்து நிற்கும் தனியார் தளங்கள் இதற்குப் பணம் கேட்கும். அங்கே போக வேண்டாம். தொழில் வகை என்ற இடத்தில் வடிவமைப்பாளர்கள் 7410 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் பதிவு எண் கையில் இருந்தால் 2006ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் நம் பக்கம் வந்து நிற்கிறது. அதன் 15ஆம் பிரிவை ஒவ்வொரு ஃப்ரீலான்சரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும், ஒப்படைத்த வேலையை வாங்குபவர் ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு 15 நாட்கள்தான். கொடுத்த வேலையில் குறை இருந்தால் அதையும் 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதனால் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிட்டு விட்டுவிடாமல், "இறுதி ஆர்ட்வொர்க் இன்று ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்புகிறேன். கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும் என்கிறது 16ஆம் பிரிவு. 2024இல் வங்கி வீதம் 6.75 சதவீதம். மும்மடங்கு 20.25 சதவீதம்.

அந்த ஆண்டில்தான் எனக்கு இது தேவைப்பட்டது. டெல்லிப் பக்கம் ஒரு பையிங் ஏஜென்சி, 86,000 ரூபாய் பில். படங்கள் ஒப்புதலாகி, துணி அச்சாகி, சரக்கும் கப்பல் ஏறிவிட்டது. கேட்கும்போதெல்லாம் "பில் இன்னும் பாஸ் ஆகவில்லை" என்ற பதில். பிறகு வருமான வரித் தளத்தில் என் பெயரில் மற்றவர்கள் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். அதே பில்லுக்கு 10 சதவீதம், 8,600 ரூபாய், என் பெயரில் வரியாகப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். பணம் தரும்போது அல்லது கணக்கில் வரவு வைக்கும்போது, எது முதலோ அப்போது வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. பணம் தரவில்லை, வரி மட்டும் பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் பில்லைத் தங்கள் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். இந்தப் படிவத்தைவிட வலுவான ஆவணம் என்னிடம் வேறு இல்லை.

முதலில் பிரிவு எண்களையும் வட்டிக் கணக்கையும் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு, நிலுவைப் பணம் வராத நுண், சிறு தொழில்கள் புகார் செய்வதற்கான மத்திய அரசின் சமாதான் தளத்தில் மனு செய்தேன். 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட தளம் இது. உத்யம் எண்ணை இட்டு, வேலை ஆணையையும் பில்லையும் ஏற்றினால், மனு இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் நம் மாநிலத்தின் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகிறது. இதில் என்னை மிகவும் நிம்மதிப்படுத்திய விஷயம், வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் வேலையைச் செய்து கொடுத்தவரின் ஊருக்கு உரிய கவுன்சிலே விசாரிக்கலாம் என்பது. எங்கள் பகுதிக்குக் கோயம்புத்தூர். டெல்லிக்கு ரயில் ஏறி வழக்காட வேண்டியதில்லை. அவர்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

மனு போன பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். அசல் முழுவதும் வங்கிக்கு வந்தது. வட்டியை விட்டுக்கொடுத்து மனுவைத் திரும்பப் பெற்றேன். அது நான் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. சட்டம் என்னை வற்புறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. கவுன்சில் 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், தீராமல் நிற்கும் மனுக்கள் நாடு முழுவதும் ஏராளம் என்பதைத் தளம் வெளியிடும் எண்ணிக்கையே காட்டுகிறது. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த மாத வாடகைக்கு இதை நம்பியிருக்க முடியாது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால், எதிர்த்து நீதிமன்றம் போக அவர்கள் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடிப்பதற்கு அது நல்ல கடிவாளம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேராக வேலை செய்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு முன்பணம்தான் பாதுகாப்பு. 2025 ஜூன் 27 அன்று இணையவழியிலேயே தகராறுகளைத் தீர்க்கத் தனித் தளம் ஒன்றும் தொடங்கப்பட்டிருக்கிறது. புதிதாக மனு செய்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

பணம் வராத பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். பதிவுக்குப் பிறகு வழங்கிய பொருளுக்கும் சேவைக்குமே இந்தப் பயன் என்று 2021 ஜூனில் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலை கேட்டுப் போகும் முன்பே பதிவு இருக்க வேண்டும்.

மனு வரை போகாமலே கிடைத்த பலன்தான் எனக்குப் பெரியது. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. நுண், சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் வாங்குபவர் அதைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச் நெருங்கியபோது இங்கே ஆடிட்டர் அலுவலகங்களில் இதே பேச்சுதான். உத்யம் இல்லாதவர்களுக்கே வேலை கொடுப்போம் என்று சிலர் சொன்னதும் காதில் விழுந்தது. பதிந்தால் வேலை போய்விடுமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் என்னிடம் பல வருடமாக வேலை தரும் ஒரு பனியன் கம்பெனி முதலாளி தானே கூப்பிட்டு, "உங்கள் உத்யம் எண்ணைப் பில்லில் போட்டு அனுப்புங்கள் அம்மிணி, ஆடிட்டர் கேட்கிறார்" என்றார். அவரிடம் நான் ஒருநாளும் சட்டம் பேசியதில்லை. இப்போது அவருடைய பணம் கெடுவுக்குள் வருகிறது.

என் பில்லின் அடியில் இப்போது இருப்பவை: உத்யம் எண், ஒப்படைத்த தேதி, பணம் வரவேண்டிய கடைசித் தேதி, "2006 சட்டம், பிரிவுகள் 15, 16 பொருந்தும்" என்ற ஒரு வரி. வேலை ஆணை தராதவர்களிடம், விலையும் தேதியும் எழுதி "சம்மதம்" என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகே வரையத் தொடங்குகிறேன்.