எலியா பரமேறிய ஒலிப்பாடம்: கேட்டுப் பார்த்தேன்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க வேண்டுமே என்று இந்த ஒலிப்பாடத்தை வாங்கினேன். துணி தேய்த்துக்கொண்டே இரண்டு தடவை கேட்டாயிற்று.

எலியா தீர்க்கதரிசி அக்கினி ரதத்தில் ஏறிப் பரலோகத்துக்குப் போனார் என்றுதான் இத்தனை வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். இதில் வேதத்தின் 2 இராஜாக்கள் 2:11ஐ நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார்கள். ரதமும் குதிரைகளும் நடுவே வந்து எலியாவையும் அவருடைய சீடர் எலிசாவையும் பிரித்தன. எலியாவைக் கொண்டுபோனதோ சுழல்காற்று. தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேதத்தைத் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது! எலிசா இரட்டிப்பான வரம் கேட்டதற்கும் நல்ல விளக்கம்: அது பேராசை இல்லை, உபாகமம் 21:17இல் மூத்த மகனுக்குச் சேரும் இரண்டு பங்கு.

சரி, குறைக்கு வருவோம். "என் தகப்பனே, என் தகப்பனே" என்று எலிசா கதறும் இடத்தில் பின்னணிக் காற்றுச் சத்தம் குரலை அப்படியே விழுங்கிவிடுகிறது. அந்த அதிகாரத்தின் உயிரே அந்தக் கதறல்தான். அதற்கு முன் இருவரும் கடந்துபோன கில்கால், பெத்தேல், எரிகோ, யோர்தான் எல்லாம் ஓட்டமாக ஓடுகின்றன. எலியாவைப் போலவே சாகாமல் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏனோக்கைப் பற்றி ஒரே வரி.

அப்புறம், எலியாவைத் தேடி 50 பேர் மூன்று நாள் அலைந்ததை விட்டேவிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் கேட்பதே அதைத்தான்: "டீச்சர், அவங்களுக்குக் கிடைச்சாரா?"