நடக்கும் கடையை வாங்குகிறீர்களா? விற்பவரின் பாக்கியும் சேர்ந்தே வரும்

கோவையில் நன்றாக ஓடுகிறது என்று சொல்லப்பட்ட ஒரு பேக்கரியை, ஓவன், மாவு மிக்சர், பெயர்ப்பலகை, வேலையாட்கள் எல்லாவற்றோடும் விலை பேசி வாங்கினேன். விற்றவர் தமக்குச் சொந்தமில்லாதவற்றையும் சேர்த்து எனக்கு விற்றார்; தம் பாக்கிகளை மட்டும் சொல்லாமல் மறைத்தார். பேக்கரி, டீக்கடை, உணவகம் என்று எதையாவது கைமாற்றி வாங்கும் பேச்சில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கடை என் கைக்கு வந்த சில மாதங்களில் ஜிஎஸ்டி துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. பாக்கி முழுவதும் அவர் காலத்தியது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், 85ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: தொழில் கைமாறினால், அதுவரையிலான வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. கைமாறிய பிறகு கணக்கிடப்படும் பாக்கியும் இதில் அடங்கும். 'பழைய பாக்கிகள் விற்பவரையே சாரும்' என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை வைத்து அவர்மீது நான் வழக்குப் போடலாம். என்னிடம் வசூலிக்க வரும் துறையை அது தடுக்காது. விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி, அவர் ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறாரா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பாக்கி இல்லை என்று உறுதியான பிறகே கொடுங்கள்.

அடுத்தது கட்டடம். 'வாடகை ஒப்பந்தம் அப்படியே உங்களுக்கு வரும்' என்றார். கட்டட உரிமையாளருக்கோ விற்பனை நடந்ததே தெரியாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வாடகைதாரர் தம் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. புதிய அட்வான்ஸ், கூடுதல் வாடகை என்று உரிமையாளர் கேட்டதைக் கொடுத்துத்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்பு உரிமமும் அப்படித்தான். உரிமம் பெற்றவர் இறந்தால் வாரிசுக்கு மாறும். கடையை விற்றால் மாறாது, புதிதாக எடுக்க வேண்டும்.

விற்பனையைப் பற்றி அவர் காட்டிய நோட்டுப் புத்தகத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் நல்ல நாள். நோட்டைப் புரட்டுவதைவிட, பால் ஊற்றுபவரிடம் தினமும் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். மைதா, சர்க்கரை வாங்கிய ரசீதுகளையும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டண ரசீதுகளையும் ஓராண்டுக்கு வாங்கிப் பாருங்கள். சரக்குக் கடைக்காரர்களிடம் விசாரித்தால் பாக்கியும் தெரிந்துவிடும். எனக்கு அது அவர்கள் வசூலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இப்போது பக்கத்துத் தெருவிலேயே புதிய பேக்கரி திறந்திருக்கிறார். பழைய மாஸ்டரையும் அழைத்துக்கொண்டார். பழைய வாடிக்கையாளர்கள் அங்கே போகிறார்கள். தொழிலின் நற்பெயரை விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், எல்லை நியாயமானதாக இருக்கும்வரை அது செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில். எங்கள் ஒப்பந்தத்தை அவருடைய ஆள்தான் எழுதினார். அந்த வரி அதில் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை உங்கள் வழக்கறிஞர் எழுதட்டும். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.