சொந்தக் கருவியா, பொது ஆய்வகமா, தனியார் நிறுவனமா? மருத்துவ மரபணு ஆய்வுக்கான மூன்று வழிகள்

நோயாளிகளின் ரத்தத்தையும் திசுவையும் கொண்டு மரபணுத்தொகுதி (ஓர் உயிரின் மரபுச்செய்தி முழுவதும்) ஆய்வில் இறங்க விரும்பும் மருத்துவக் கல்லூரித் துறைக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசைப்படுத்திப் படிக்கும் கருவியைத் தானே வாங்கலாம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் 2009-இல் தொடங்கப்பட்ட சி-கேம்ப் போன்ற பொது ஆய்வகத்தைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம்; அல்லது மாதிரிகளைத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுத் தரவுக்காகக் காத்திருக்கலாம். பெரும்பாலும் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். மாதிரிகள் குறைவாகவோ, பழுதுபட்டோ, அவசரமாகவோ வரும்போது எந்த வழி கைகொடுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சொந்தக் கருவியின் சிக்கல் எளிய கணக்கிலேயே தெரிந்துவிடும். இல்லுமினா நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய நோவாசீக் 6000 கருவியின் எஸ்4 ஃப்ளோ செல் (மாதிரிகளை ஏற்றும் கண்ணாடிச் சில்லு) ஒன்றில், ஏறத்தாழ 24 மனித மரபணுத்தொகுதிகளை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை, படிக்கலாம். அந்த ஃப்ளோ செல்லை ஒரு முறைதான் ஓட்ட முடியும் என்பதால், ஆறு நோயாளிகளின் மாதிரிகளை மட்டும் வைத்திருக்கும் துறை, மீதி இடத்தை வீணாக்க வேண்டும், அல்லது மாதிரிகள் சேரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் ரசாயனங்கள் காலாவதியாகலாம். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான தொகையோ ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கும். பொது ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரியின் டி.என்.ஏ. துண்டுகளிலும் அதற்கே உரிய குறியீட்டுத் துணுக்கை ஒட்டி, பல குழுக்களின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஓட்டி, பிறகு கணினியில் பிரித்தெடுக்கிறார்கள். ஆறு மாதிரிகளோடு வருபவருக்கும் பெரிய கருவியின் சிக்கனம் கிடைப்பது இப்படித்தான்.

ஆயினும் பொது ஆய்வகத்தின் மிகப் பெரிய பயன் அங்கே இருக்கும் கருவியன்று. மாதிரியைக் கையில் வாங்கும் முன்பே கேள்வி கேட்கும் அனுபவசாலிகளே. ஆர்.என்.ஏ. எந்த அளவுக்குச் சிதையாமல் இருக்கிறது என்பதை 1 முதல் 10 வரையிலான எண்ணால் மதிப்பிடுகிறார்கள். பல ஆய்வு முறைகளுக்கு அது 7-க்கு மேல் இருக்க வேண்டும். அறுவை அரங்கில் எடுத்த திசு உறைநிலைக்குப் போகாமல் நெடுநேரம் மேசையில் கிடந்திருந்தால் அந்த எண் சரிந்துவிடும். ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் கட்டியில் வைத்த புற்றுநோய்த் திசுவிலோ டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடைவதோடு, சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்கும் இடம் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கப்படும் வேதிமாற்றமும் நேர்கிறது. விவரம் அறியாதவர் அதையே புற்றுநோயின் மரபணுப் பிறழ்வு என்று எண்ணிவிடக்கூடும். இவற்றை எடுத்துச்சொல்லி, திசு சேகரிக்கும் முறையையே மாற்றச் சொல்வதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாதிரிகளை அடுக்கும் முறையிலும் இதே நிலைதான். நோயாளிகளின் மாதிரிகள் அனைத்தையும் ஒரு நாளிலும், ஆரோக்கியமானவர்களின் மாதிரிகள் அனைத்தையும் வேறொரு நாளிலும் தயாரித்தால், பின்னர் தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா, தயாரித்த நாளால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரு தரப்பையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து வையுங்கள் என்று தொடக்கத்திலேயே வற்புறுத்தும் ஆய்வகப் பணியாளர், ஒரு முழு ஆராய்ச்சித் திட்டத்தையே காப்பாற்றுகிறார். தனியார் நிறுவனங்களும் தரச்சோதனை செய்கின்றன. தேறாத மாதிரியைத் தெரிவிக்கின்றன. ஆனால் ஆய்வின் வடிவமைப்பைக் கேள்விக்கு உட்படுத்துவது பொதுவாக அவற்றின் ஒப்பந்தத்தில் அடங்குவதில்லை.

முறை நிலைபெற்றுவிட்ட, எண்ணிக்கை மிகுந்த எக்ஸோம் (புரதங்களுக்கான குறிப்புகள் உள்ள பகுதிகளை மட்டும் படிக்கும்) பரிசோதனைகளுக்குத் தனியார் நிறுவனமே விரைவானது. அதில் தயங்க வேண்டியதில்லை. எனினும் மூலத்தரவு முழுவதும் நம் கைக்கு வருமா, மிஞ்சிய டி.என்.ஏ. என்னவாகும், நோயாளி அளித்த ஒப்புதல் இதற்கு இடம் தருகிறதா என்பவற்றை முன்னதாகவே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பொது ஆய்வகத்தின் உண்மையான குறை, காத்திருப்போர் வரிசைதான். பலர் பகிரும் கருவியில் ஒருவருடைய அவசரம் மற்றவர்களுக்குத் தாமதமாகிறது. தொற்றுநோய்க் காலத்தில் இதைத் தமிழகமே உணர்ந்தது: 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசு தன் சொந்த மரபணுத்தொகுதி ஆய்வகத்தைத் திறக்கும் முன், கொரோனா மாதிரிகள் பெங்களூருக்கு அனுப்பப்பட்டு வந்தன. அந்த வைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 30,000 எழுத்துகளே. மனிதனுடையதோ 300 கோடிக்கும் மேல். ஆகவே நோய்க்கிருமிகளைக் கண்காணிப்பதற்குச் சிறிய கருவியைச் சொந்தமாக வைத்திருப்பது முற்றிலும் நியாயம். மனித மரபணுத்தொகுதிக்கு அந்த வாதம் பொருந்தாது. 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் பங்கேற்றபோதும், வரிசைப்படுத்தல் சில மையங்களில் மட்டுமே நடந்தது.

எனவே தொற்று ஆய்வையும் வழக்கமான எக்ஸோம் பரிசோதனையையும் தவிர்த்த மருத்துவ ஆராய்ச்சிக்கு நான் பொது ஆய்வகத்தையே பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே மாதிரி தயாரிப்பவரும் தரவை அலசும் உயிர்த்தகவலியலாளரும் திட்ட நிதி முடிந்ததும் வெளியேற வேண்டிய தற்காலிகப் பணியாளர்களாக இருக்கக் கூடாது. கருவிக்குக் கோடிகளை ஒதுக்கும் நிதி அமைப்புகள், அந்தக் கருவி உழைக்கும் காலம் முழுவதற்கும் இவ்விருவரின் சம்பளத்தையும் அதே ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும்.