பழைய ஆக்டேவியா விஆர்எஸ்: பெங்களூரில் வாங்கும் முன்

பார்க்கச் சாதாரண செடான் போலத்தான் இருக்கும், பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும். ஆனாலும் 2000-களின் நடுவில் இங்கே விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவின் வேக ரகமான விஆர்எஸ்ஸுக்காக இன்றும் அலைகிறவர்கள் உண்டு. 1781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன், 1750 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும் 210 நியூட்டன் மீட்டர் இழுவை. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். விஆர்எஸ்ஸில் இருப்பது டர்போ எஞ்சின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளி ஈடுகட்டிக்கொள்ளும். நந்தி மலை ஏற்றத்தில் அந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

இரும்பு பிளாக், உரமான எஞ்சின். செலவு வைப்பது அதைச் சுற்றியுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். அதனால் கூடுதல் வலுவுக்காக எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி (ரீமேப்) பளபளக்கும் வண்டியைவிட, கம்பெனி செட்டிங்கிலேயே ஓடி, பில்களைப் பத்திரமாக வைத்திருக்கும் சுமாரான பெயின்ட் வண்டிதான் நல்ல பேரம்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். முன்கூட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவையுங்கள். பானெட் சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினின் மேற்பக்கத்தில் சில நொடி ‘கரகர’ என்று கேட்டால், வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் சின்னச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீல் அல்லது வால்வு சீல். பிரிக்காமல் எது என்று சொல்ல முடியாது. எஞ்சினை அணைத்து, ஆறியபின் டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ டர்போ மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் இல்லையா? மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ஐந்து வருடம் ஆன பெல்ட்டை நம்பக்கூடாது. அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும், வால்வு மொத்தம் இருபது. பெல்ட், ஹைட்ராலிக் டென்ஷனர், பெல்ட் உருளும் ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பம்ப்பில் கூலன்ட்டைத் தள்ளும் இம்பெல்லர் உலோகத்தில் இருக்கட்டும். பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர் உடைந்தால் சொட்டு ஒழுக்கு இல்லாமலே எஞ்சின் சூடேறும். கூலன்ட் தொட்டியில் இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்புச் சேறு தெரிந்தால், யாரோ பச்சை கூலன்ட்டைக் கலந்திருக்கிறார்கள்.

இந்த வண்டியில் அதிகம் ஏமாற்றுவது காற்றுக் கசிவு. டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரம் கிழியும், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும், எஞ்சின் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ்கள் வெந்து நொறுங்கும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளரும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காக டர்போவையே மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் பேரத்துக்கு உட்காராதீர்கள். 17705 என்ற பிழை எண் வந்தால் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் கசிகிறது என்று பொருள். ஸ்கேனர் காட்டும் அளவீடுகளில் 032-ஆம் பிளாக்கில் எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) இரண்டும் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 002-ஆம் பிளாக்கைத் திறந்துவைத்து, நைஸ் ரோடு போல வழி கிடைக்கும் இடத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். காற்று அளவு நொடிக்கு 120 கிராமை நெருங்க வேண்டும். 90-ஐத் தாண்டாவிட்டால் ஒன்று கசிவு, இல்லை காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கோளாறு. ஓடும்போது திக்கித் திணறி எஞ்சின் விளக்கு சிமிட்டினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கோளாறு. ஒன்றை மாற்றும்போது கூடுதலாக ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.

ஆயிலில் கஞ்சத்தனம் ஆகவே ஆகாது. விடபிள்யூ 502.00 தரமுள்ள 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4.5 லிட்டர். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து ஓடும் வண்டிக்கு 7,500 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அது. ஆயில் நிரப்பும் மூடியின் உட்புறம் தார் போலக் கறுத்திருந்தால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, உறிஞ்சும் குழாயின் சல்லடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். பழைய ஃப்யூவல் ஹோஸ்களை அது இளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இதே 1.8 டர்போ ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களிலும் வந்தது. ஜே.சி. ரோட்டில் பல கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். நீளவாக்கில் எஞ்சின் பூட்டிய கார்களின் சில பாகங்கள் இதற்குப் பொருந்தாது. விஆர்எஸ்ஸுக்கே உரிய பம்பரும் சீட்டும்தான் அபூர்வம். அவை உடைந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டெல்லி வண்டி மலிவாக வரும், காரணம் அங்கே 15 ஆண்டு தாண்டிய பழைய பெட்ரோல் காருக்குக் கட்டுப்பாடு. அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று) கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வந்த பிறகும் கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும். உள்ளூர் வண்டியாக இருந்தாலும் ஆர்சி 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கப்படும். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். பணம் கைமாறும் முன் டார்ச் அடித்து, பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்த வயது வண்டிகளில் எஞ்சின் மாற்றியதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு ஆர்டிஓவில் நிறுத்தும்போது அந்தச் சிக்கல் புது ஓனர் தலையில் விழும்.